மீன் வருஷம்

நிலவின் தெற்குப் பள்ளத்துக் குடியிருப்பில், கல்யாணமாகி ஆறு மாதமான தம்பதியை வழியில் பார்த்தால் யாரும் "விசேஷம் உண்டா?" என்று கேட்பதில்லை. "மீன் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். தொனி மட்டும் பூமியில் கேட்ட அதே தொனி. பதிலுக்குக் காத்திராமல் முகத்தை ஆராய்வதும் அதே. நன்றாக இருக்கிறது என்றால், "எத்தனை நாள் ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். கொஞ்சம் தயங்கினால் போதும், குறை மாப்பிள்ளை கையிலா பெண் கையிலா என்பது மாலைக்குள் சுரங்கத் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

காற்றையும் நீரையும் ஆளெண்ணி அளந்து கொடுக்கும் ஊரில் பிள்ளை பெறுவதற்கும் அனுமதி வேண்டும். அதைத் தருவது மக்கட்பேற்று வாரியம். விண்ணப்பிக்கும் தம்பதிக்கு வாரியம் ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு மூட்டை கடலுப்புக் கலவை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்று ஆகியவற்றைத் தரும். முந்நூற்று அறுபத்தைந்து நாள் அந்த மீனை உயிரோடு வைத்திருந்து காட்டினால் பிள்ளை பெறலாம். இல்லையென்றால் ஐந்து வருஷம் கழித்து மறுபடி மனுப் போடலாம். ஏன் கடல்மீன் என்பதற்குக் கையேட்டின் முன்னுரை விளக்கம் சொல்கிறது. உப்பு, சூடு, காற்று, பொறுமை இந்த நான்கில் எது குறைந்தாலும் அது இறந்துவிடுமாம். பிள்ளைகள் அதைவிடக் கெட்டியாம்.

சேர்மராஜுக்கு வயது முப்பத்தொன்பது. மனைவி இசக்கிக்கு முப்பத்தேழு. நாற்பது தாண்டியவர்களின் மனுவை வாரியம் கையால் தொடாது. ஆக, இந்த மீன்தான் அவர்களுக்கு முதல் மீன், இதுவேதான் கடைசி மீனும்.

சேர்மராஜ் காற்று வடிகட்டிப் பிரிவில் வேலை பார்த்தான். நல்ல வேலைக்காரன் என்று சொல்ல முடியாது. எதைக் கழற்றி மாட்டினாலும் ஒரு திருகாணி மிச்சம் வரும். அதை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். வீட்டில் ஒரு டப்பா நிறையத் திருகாணி இருந்தது. ஊர் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது அவனுக்கே ஆச்சரியம்.

அவனிடம் வந்து சேர்ந்த மீன் முந்நூறு நாள் தாண்டியும் உயிரோடு இருந்தது. மீனுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கம் சொல்கிறது. ஒன்பதாம் பக்கத்துக்கு வருமுன்பே அவன் வைத்துவிட்டான். தாசில்தார். தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த சொற்களில் அது ஒன்று. அப்படியென்றால் என்ன உத்தியோகம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் கல்லுக்கு முன்னால் அசையாமல் நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மனு வாங்குகிற மாதிரி அது பார்த்தபோது அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. விரலை நீருக்குள் விட்டால் தாசில்தார் வந்து ஒரு கவ்வு கவ்வும். வலிக்காது. மனு ஏற்கப்பட்டது என்று அர்த்தம்.

முந்நூற்றுப் பதினெட்டாம் நாள் காலை தாசில்தார் மனு வாங்க வரவில்லை.

கல்லுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. விலாவைக் கல்லில் தேய்த்தது. துடுப்பிலும் முதுகிலும் ரவையைத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நிலவின் இழுப்பு குறைவு. தொட்டியில் காற்றுக் குமிழிகள் எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு ஆற அமர மேலே போகும், மீன்களும் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே நீந்தும். அதனால் இரண்டு நாளாக அது சாய்ந்து நீந்தியதை இருவருமே கவனிக்கவில்லை.

கையேட்டில் நூற்று நாற்பதாம் பக்கம், 'நோய்கள்' என்ற அத்தியாயம். ஒரே ஒரு வரிதான் இருந்தது: "நோய் வராமல் பார்த்துக்கொள்ளவும்."

அதற்குள் அவன் மணிக்கட்டில் பதித்திருந்த உள்நாடி அதிர்ந்தது. உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு நலம் விசாரிக்கும் அந்தச் சில்லு எல்லாருக்கும் உண்டு. "இதயத் துடிப்பு மிகை. மனக்கலக்கம். பரிந்துரை: பத்து நிமிடம் மீன்தொட்டியைப் பார்க்கவும்" என்றது. பார்த்தான். துடிப்பு ஏறியது. உள்நாடி பரிந்துரையை இருபது நிமிடமாக்கியது.

மீனை ஒரு பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு மருத்துவ நிலையத்துக்கு ஓடினான். அங்கிருந்த எந்திரம் நோயாளியின் பெயர் கேட்டது, சொன்னான். வயது கேட்டது, பத்தரை மாதம் என்றான். ஒரு கதிரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நோயாளிக்கு நுரையீரல் இரண்டும் இல்லை, கைகால்களும் இல்லை என்று அறிவித்து, அபாய மணியை அடித்துப் பெரிய மருத்துவர்களை அழைக்கத் தொடங்கியது. அவர்கள் வந்து சேருமுன் சேர்மராஜ் பாத்திரத்தோடு திரும்பி ஓடிவந்துவிட்டான்.

வாசலில் எதிர்வீட்டுப் பாக்கியதுரை அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு இரண்டு பிள்ளைகள். அவர் வீட்டுக் கூடத்தில் வாரியத்தின் சான்றிதழ்கள் இரண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். பாத்திரத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை அவர்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? மாத்திரும்வே."

"எத அண்ணாச்சி?"

"மீனத்தான். பொண்டாட்டியவா மாத்தச் சொல்லுதேன்?"

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, ஊரில் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியாத ரகசியத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மீன்கள் எல்லாமே ஒரே தாய்மீனிலிருந்து படியெடுத்தவை, பட்டைகூட மாறாது. கைவிரலைவிடச் சிறிய உயிருக்குள் சில்லு வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே எந்த மீன் எவர் மீன் என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. வாரியத்துக்கு மீன்குஞ்சு பொரித்துக் கொடுக்கும் பொரிப்பகத்தின் பின்வாசலில், ஒரு வாரக் குளியல் தண்ணீர்ச் சீட்டைக் கொடுத்தால் புது மீன் ஒன்று தருவார்கள். செத்த அன்றே ஒன்று வாங்கித் தொட்டியில் விட்டுவிட வேண்டும், சோதனைக்கு முந்தின நாள் புதிதாக இன்னொன்று வாங்கிவிட்டால் பயமில்லை. அவருடைய மூத்தவளுக்கு மூன்று மீன் போயிற்று. இளையவனுக்கு ஆறு. அதிலும் ஆறாவது போனதற்குக் காரணம் மூத்தவள், மீனுக்குக் குளிருமென்று வெந்நீர் ஊற்றிவிட்டாள்.

"இந்தத் தெருவுல ஒரு பிள்ளையாவது மொத மீன்ல பொறந்திருக்கும்ங்கீரா?" என்று கேட்டுவிட்டு, பதில் தேவையில்லாத மனிதராக எழுந்து போனார்.

இசக்கி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நீர்மீட்புப் பிரிவில் வேலை செய்பவள். ஊரின் அழுக்குத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறவளுக்கு எதிலும் அருவருப்போ தயக்கமோ கிடையாது. நேராகக் கேட்டாள்.

"பிள்ளை வேணுமா, மீனு வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

சேர்மராஜ் பாத்திரத்தைப் பார்த்தான். தாசில்தார் ஒருக்களித்துக் கிடந்தபடியே ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது.

"மாத்துனா யாருக்கும் தெரியாதுதான்," என்றான். "இதுக்குத் தெரியும்லா."

இசக்கி பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு, "அப்ப அந்தப் பெரிய வாளியக் கழுவுங்க. சோப்புப் போடாம," என்றாள்.

வைத்தியத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். பூமியின் பழைய வலைப்பக்கங்கள் நிலவின் ஆவணக் கிடங்கில் அப்படியே கிடந்தன. அதில் யாரோ ஒருவர் இருநூறு வருஷத்துக்கு முன் "என் மீனுக்கு வெள்ளைப் புள்ளி, உதவுங்கள்" என்று எழுதியிருந்தார். கீழே நாற்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். பூண்டு கொடு என்றார் ஒருவர். பூண்டு கொடுக்கச் சொன்னவரின் படிப்பைப் பற்றி விசாரித்தார் அடுத்தவர். மூன்றாமவர் அரசியலுக்குப் போய்விட்டார். முப்பத்தொன்பது பேர் சண்டையைத் தாண்டி வந்தபோது, கடைசியில் ஒரு பெண்மணி மட்டும் வைத்தியத்தை நிதானமாக எழுதி, பிழைத்த மீனின் படத்தையும் போட்டிருந்தார். மீனைத் தனி வாளிக்கு மாற்ற வேண்டும். இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அந்த நீரை மீன் தாங்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும் கிருமி தாங்காமல் வெடித்துச் சாகும். பழைய தொட்டியை ஆறு வாரம் மீன் இல்லாமல் விட்டால் அங்கே பதுங்கியிருப்பவையும் பட்டினியில் ஒழியும்.

ஆறு வாரம் என்றால் முந்நூற்று அறுபதாம் நாள். சோதனைக்கு ஐந்து நாள் மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தொட்டியில் பொருத்தியிருந்த மானி மணிக்கொரு முறை உப்பு, சூடு, அசைவு என்ற மூன்றையும் வாரியத்துக்கு அனுப்பும். உப்பும் சூடும் இருக்கும். அசைவுக்கு எங்கே போவது? சேர்மராஜ் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் திருகாணி மிச்சமில்லாமல் ஒரு வேலையைச் செய்தான். ஒரு கேரட்டை மீன் வடிவில் சீவி, முள்ளங்கியில் பட்டை வெட்டிச் செருகி, நூலில் கட்டி, நீரைச் சுழற்றும் மோட்டாருக்கு எதிரே தொங்கவிட்டான். மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து செய்தி வந்தது: "உங்கள் மீன் சராசரியை விடச் சுறுசுறுப்பாக உள்ளது. வாழ்த்துகள்."

நான்கு நாளுக்கு ஒருமுறை கேரட் மாறியது. பழையது சாம்பாருக்குப் போனது. அந்தச் சாம்பாருக்கு உப்புப் போட வேண்டியிருக்கவில்லை.

வாளித் தண்ணீர் தினமும் மாற்றப்பட வேண்டும். நிலவில் தண்ணீர் சும்மா வராது. இருவரும் குளிப்பதை நிறுத்தினார்கள். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். காற்று வடிகட்டிப் பிரிவில், வடிகட்ட வேண்டிய முதல் ஆள் சேர்மராஜ்தான் என்று பேச்சு வந்தது. இசக்கி வேலையிலிருந்து உப்புமானியைக் கொண்டுவந்து காலையும் மாலையும் அளந்தாள். முதல் பத்து நாள் தாசில்தார் எதையும் தின்னவில்லை. வால் துடுப்பின் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேர்மராஜின் மணிக்கட்டு, மனக்கலக்கம் மனக்கலக்கம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவனைக் கைவிட்டது.

பதினோராம் நாள் இசக்கி தண்ணீர் மாற்ற வாளிக்குள் கைவிட்டாள். விட்டவள் அப்படியே உறைந்து நின்றாள்.

"கடிச்சிருச்சி," என்றாள். அவ்வளவு நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

முந்நூற்று அறுபதாம் நாள் தாசில்தார் தொட்டிக்குத் திரும்பியது. புள்ளி இல்லை. வால் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பிறைக் குறை. கேரட்டை ஒரு பார்வை பார்த்தது. கேரட் அன்றே ஓய்வு பெற்றது.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் சோதனைக்கு மெய்யறி வந்தது. வாரியத்தின் சோதனை எந்திரம் அது. நான்கடுக்குத் தூக்குச்சட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அதற்கு முகதாட்சண்யம் கிடையாது, முகமே கிடையாது. தெருவே வாசலில் கூடியிருந்தது. அண்ணாச்சி பிள்ளைகளை முன்னால் நிறுத்தியிருந்தார். ஒரு பிள்ளை அனுமதி கிடைப்பதென்பது அங்கே கல்யாணத்துக்குச் சமம்.

மெய்யறி தொட்டிக்குள் ஒரு பச்சைக் கதிரை ஓட்டியது. தாசில்தார் நேராக வந்து கதிருக்கு முன்னால் நின்று கன்னத்தை உப்பியது. சேர்மராஜ் பெருமை தாங்காமல் விரலை விட்டுக் காட்டினான். கவ்வியது.

"இது உங்கள் மீன் அல்ல," என்றது மெய்யறி.

வாசலில் கூடியிருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"வாரியம் கொடுத்த மீனின் நீளம் மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர். இது ஆறு புள்ளி நான்கு."

"வளந்திருக்கு," என்றான் சேர்மராஜ்.

"மீன்கள் வளர்வதில்லை. முப்பத்தொரு ஆண்டுகளில் பதினோராயிரத்து நானூற்றிரண்டு மீன்களை அளந்திருக்கிறேன். ஓராண்டு முடிவில் ஒவ்வொன்றும் மூன்று புள்ளி எட்டு. எதற்கும் வாலில் குறை இல்லை. எதுவும் வளர்த்தவரை அடையாளம் கண்டுகொண்டதும் இல்லை. ஓராண்டு வளர்க்கப்பட்ட மீன் மனிதரைக் கண்டால் கல்லுக்குப் பின்னால் ஒளியும். இது ஒளியவில்லை. ஆகவே இது வேறு எங்கோ, வேறு யாராலோ வளர்க்கப்பட்ட மீன்."

இசக்கிக்கு முகம் சிவந்தது. அந்தப் பதினோராயிரமும் எப்படி வந்தன என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாயைத் திறந்தாள். திறந்தவள் வாசலைப் பார்த்தாள். அண்ணாச்சியின் மூத்தவள், மீனுக்கு வெந்நீர் ஊற்றியவள், வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும். சொல்லிவிட்டால் தன் மீன் உண்மையாகும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் போலிச் சான்றிதழில் பிறந்தவையாகிவிடும். அண்ணாச்சி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, தொண்டையில் ஒன்றுமில்லாமல் இருமினார்.

இசக்கி வாயை மூடிக்கொண்டாள். சேர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

மௌனத்தை ஒப்புதலாகப் பதிந்துகொண்டது மெய்யறி. போலி மீன் காட்டியது குற்றம் என்றும், முதல் குற்றம் என்பதால் பத்து நாள் அவகாசம் தருவதாகவும், அதற்குள் உண்மையான மீனைக் கொண்டுவராவிட்டால் மனு நிரந்தரமாகத் தள்ளுபடி என்றும் சொல்லிவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போயிற்று.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்று ஆரம்பித்த அண்ணாச்சி, இசக்கி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பிறகு தன்னுடைய குளியல் சீட்டையே எடுத்து நீட்டினார். "நீங்க எங்க பிள்ளையளக் காட்டிக் குடுக்கல. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

பொரிப்பகத்தின் பின்வாசலில் வலையோடு நின்ற பெண் இவர்களைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஒரிஜினல்தானே?" சுவரில் ஆணியடித்த அளவுகோலில் ஒவ்வொரு மீனாக வைத்துப் பார்த்து, மூன்று புள்ளி எட்டு இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். வழியெல்லாம் அது பைக்குள் நடுங்கிக்கொண்டே வந்தது. சேர்மராஜ் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இந்த முறை ஒன்பதாம் பக்கத்தை மதித்தான்.

மறுசோதனையன்று தாசில்தார் குளியலறையில், தட்டு மூடிய வாளிக்குள் இருந்தது. மெய்யறி தொட்டிக்குள் கதிரை ஓட்டியதும் புது மீன் அலறிப் புடைத்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் ஓடியது.

"அச்சம் உள்ளது. நன்று," என்றது மெய்யறி. "ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் காத்திருக்கிறீர்கள். முதல் தரம்." அடிவயிற்று அடுக்கிலிருந்து சான்றிதழ் வந்தது. பிறகு, போலி மீனை அப்புறப்படுத்தியாயிற்றா என்று விசாரித்தது.

"அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சிட்டோம்," என்றாள் இசக்கி. பொய் சொல்லவில்லை. அன்று காலைதான் அதன் வாளித் தண்ணீரை மாற்றியிருந்தாள்.

மெய்யறி போன பிறகு தாசில்தாரைத் தொட்டியில் விட்டார்கள். புது மீனைக் கடித்துக் குதறிவிடுமோ என்று பயந்தார்கள். தாசில்தார் அதை இரண்டு சுற்று சுற்றி வந்தது, கல்லில் ஓர் இடத்தைக் காட்டியது, தன் இடத்துக்கு வந்து நின்றுகொண்டது. அந்தப் பழைய வலைப்பக்கத்துப் பெண்மணி இன்னொரு இடத்தில் எழுதி வைத்திருந்ததை இசக்கி சில மாதம் கழித்துத்தான் படித்தாள். கோமாளி மீன் இரண்டு சேர்ந்தால் பெரியது பெண்ணாகிவிடும். சிறியது ஆணாகவே இருக்கும். அதற்குள் தாசில்தார் கல்லின் மேல் வரிசை வரிசையாக முந்நூறு முட்டை வைத்திருந்தது. புது மீன் வாலால் விசிறி விசிறி அவற்றுக்குக் காவல் இருந்தது. மீன்கள் இரண்டும் வாரியத்திடம் அனுமதி கேட்கவில்லை.

பொரித்தவற்றில் ஏழு பிழைத்தன. ஏழுக்கும் இசக்கி கையால் அரைத்த தீனி. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். சேர்மராஜ் அவளுடைய வயிற்றையும் குஞ்சுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, உள்நாடி அமைதியாக இருக்க, பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அண்ணாச்சி ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு வந்தார். கார்மேகவேல், சுபிதா. அடுத்த சுரங்கத் தெரு. வாரியத்து மீன் தவறிவிட்டது, சோதனைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, பொரிப்பகத்தில் இப்போது கெடுபிடி. இங்கே ஏழு இருப்பதாகக் கேள்விப்பட்டார்களாம். ஒன்று போதும்.

சேர்மராஜ் எழுந்து தொட்டிக்கு முன்னால் வந்து நின்றான். தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று கேட்டான். கார்மேகவேல் சுபிதாவைப் பார்த்தான். உப்பை எதனால் அளப்பீர்கள் என்றான். சுபிதா அண்ணாச்சியைப் பார்த்தாள். முதல் மீன் என்ன நோயில் போயிற்று, எத்தனை நாள் தின்னாமல் கிடந்தது, அதற்காக எத்தனை நாள் குளிக்காமல் இருந்தீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனான். கடைசியில், இப்படியெல்லாம் கையில் தூக்கிக் கொடுத்துவிட முடியாது என்றான். மூன்று மாதம் வெறும் தொட்டியில் தண்ணீரை மட்டும் சரியாக வைத்திருந்து காட்ட வேண்டும், வாரம் ஒருமுறை தானே நேரில் வந்து பார்ப்பான், திருப்தியாக இருந்தால் குஞ்சு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

உள்ளே தீனி அரைத்துக்கொண்டிருந்த இசக்கியின் கை நின்றது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "உங்களுக்குச் சக்கரம் ஒண்ணுதான் பாக்கி."

அவனுக்கு அது காதில் விழவில்லை. நோட்டை எடுத்துக் கட்டம் போடத் தொடங்கியிருந்தான்.

தம்பதி வெளியே வந்தார்கள். அண்ணாச்சியோடு தெரு முனைவரை நடந்தார்கள். பிறகு கார்மேகவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சி, இவரு நல்ல மனுசன்தான். ஆனா மூணு மாசம் எங்க தாங்கும்? இவருக்கு வேண்டப்பட்ட ஆளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான்.

அண்ணாச்சி முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நாந்தான்," என்றார்.